வெயில் ஊருக்கு எந்த ப்ளூபெர்ரி? கேள்வி – பதில்

கேள்வி: ப்ளூபெர்ரி பனி நாட்டுச் செடி. அது வெயில் ஊரில் காய்க்கிறதென்றால், மாறியது செடியா, ஊரா?

பதில்: செடிதான். வட அமெரிக்கக் காட்டுப் புதராக இருந்த ப்ளூபெர்ரியைத் தோட்டப் பயிராக்கிய பெருமை இருவருக்கு உண்டு: அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில், நியூஜெர்சியில் பண்ணை நடத்திய எலிசபெத் ஒயிட். அவர்களின் முதல் விளைச்சல் 1916இல் சந்தைக்கு வந்தது. அந்த வடக்கு ஹைபுஷ் செடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். போதிய குளிர் கிடைத்தால்தான் ஒழுங்காக விழிக்கும். புளோரிடா போன்ற இடத்தில் அதற்குப் பிழைப்பில்லை.

புளோரிடாவின் மணற்பாங்கான காடுகளில் அதன் குட்டையான உறவுச் செடி ஒன்று இருந்தது. வாக்சினியம் டாரோவி என்ற அது ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். குளிரை எதிர்பார்க்காது. 1950ஐ ஒட்டிப் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஷார்ப், இந்தக் காட்டுச் செடியின் குணத்தைத் தோட்டச் செடிக்குள் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். டாரோவிக்கு இரண்டு தொகுதி குரோமோசோம், ஹைபுஷ்ஷுக்கு நான்கு. இப்படிப்பட்ட இணைகள் பெரும்பாலும் சேராது. ஆனால் டாரோவி சில வேளைகளில் குரோமோசோம் பாதியாகக் குறையாத இனச்செல்லை உண்டாக்கும். அந்த அபூர்வ வாசல் வழியாகத்தான் கலப்பு நடந்தது. 1970களின் நடுவில் வெளிவந்த ‘ஷார்ப்ப்ளூ’ அந்த உழைப்பின் பலன்களில் ஒன்று. பெரு, மெக்சிகோ, மொராக்கோ, தெற்கு ஸ்பெயின் என்று இன்று வெப்ப நாடுகளில் விளையும் தெற்கு ஹைபுஷ் ரகங்கள் இந்த வழியில் வந்தவை.

கேள்வி: நாற்றுப் பட்டியலில் எல்லா ரகத்துக்கும் பக்கத்தில் ‘குளிர் நேரம்’ என்று ஓர் எண் இருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: வழிகாட்டியாக நம்பலாம்; வாக்குறுதியாகக் கொள்ளக்கூடாது. குளிர்காலத்தில் வெப்பநிலை 0 முதல் 7.2 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் மணிகளைக் கூட்டினால் வருவதே குளிர் நேரம். வடக்கு ஹைபுஷ்ஷுக்கு 800 மணிக்கு மேல் வேண்டும். ‘ஸ்டார்’ ரகத்துக்குச் சுமார் 400, ‘எமரால்டு’க்குச் சுமார் 250, ‘ஜுவல்’லுக்குச் சுமார் 200, ‘பிலாக்ஸி’க்கு 150க்கும் குறைவு. இவை தோட்ட அனுபவத்தில் கிடைத்த மதிப்பீடுகள். இடையில் வரும் வெப்ப நாட்கள் சேர்ந்த குளிரின் பலனைக் குறைத்துவிடும் என்பதை இந்தக் கணக்கு காட்டாது.

எண் எந்தப் பக்கம் தவறினாலும் நட்டம்தான். தேவைக்குக் குறைவான குளிரில் செடி அரைகுறையாக விழிக்கும்: பூ வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு பூக்கும், இலை பின்தங்கும், ஊட்ட இலையில்லாமல் காய் சிறுத்துப் புளிக்கும். குளிர் நேரம் மிகக் குறைந்த ரகத்தைக் கொஞ்சம் குளிரான ஊரில் நட்டால், ஜனவரியில் வரும் நாலு வெயில் நாளை நம்பிப் பூத்துவிடும். அடுத்த உறைபனியில் பூ முழுவதும் கருகும். வடக்கு புளோரிடாவிலும் தெற்கு ஜார்ஜியாவிலும் இரவெல்லாம் தெளிப்பான் ஓட்டிப் பூவின்மேல் பனிக்கட்டி உறைய விட்டுக் காப்பாற்றும் விவசாயிகள், இந்த அவசரக்காரச் செடிகளுக்காகவே கண் விழிக்கிறார்கள்.

கேள்வி: உறைபனியே இல்லாத ஊர் என்றால்? குளிர் நேரம் மிகக் குறைந்த ரகத்தை நட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அங்கே வேறு கேள்வி எழுகிறது: செடியை உறங்க விடுவதா, விடாமல் வைத்திருப்பதா? மத்திய, தெற்கு புளோரிடாவில் இரண்டு முறைகளும் உண்டு. முதல் முறையில் குளிர்காலத்தில் இலை உதிர விட்டு, ஹைட்ரஜன் சயனமைடு தெளித்து மொட்டை ஒரே சீராக எழுப்புவார்கள். அந்த மருந்து மனிதருக்கு மிகவும் நச்சானது. அளவோ நாளோ தப்பினால் பூ மொட்டே கருகிவிடும்.

இரண்டாவது, பசுமை மாறாச் சாகுபடி. குளிர்காலம் முழுதும் உரமும் நீரும் தந்து, பழைய இலையையே செடியில் நிறுத்திவைப்பது. அந்த இலைதான் பூவையும் பிஞ்சையும் ஊட்டுகிறது. இங்கே ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலே மாறிவிடுகிறது. குளிர் நேரத்தைவிட இலையின் ஆயுள் முக்கியமாகிறது. துரு நோயும் இலைப்புள்ளி நோயும் இலையைக் கொட்டவைத்தால் இந்த முறையே குலைந்துபோகும். ‘ஜுவல்’ இந்த முறையில் காய்க்கக்கூடியது. ஆனால் துரு நோய்க்கு எளிதில் ஆளாகும் என்பதால் மருந்துச் செலவு ஏறும். பசுமை மாறாச் சாகுபடிக்கென்றே புளோரிடா பல்கலைக்கழகம் ‘ஆர்கேடியா’, ‘அவாந்தி’ போன்ற ரகங்களை வெளியிட்டது. சூடும் ஈரமும் சேர்ந்த ஊரில் ஒரு ரகத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, அறுவடை முடிந்த மழைக்காலத்தில் அதன் இலை எப்படி நிற்கிறது என்பதைத்தான். பழத்தின் படத்தை மட்டும் காட்டும் விற்பனையாளர் இதைச் சொல்வது அரிது.

கேள்வி: பூ கொத்துக் கொத்தாக வந்தால் நல்ல ரகம்தானே?

பதில்: ‘மிஸ்டி’ என்ற ரகத்தை நட்டவர்கள் அப்படித்தான் மகிழ்ந்தார்கள். அது தாங்கக்கூடியதைவிட அதிகப் பூ வைக்கும். இலை போதாமல் கிளை மெலியும், தண்டுக் கருகல் நோய் புகும், சில ஆண்டுகளில் செடியே நொடித்துப்போகும். கவாத்தில் பூ மொட்டைக் கண்டிப்பாகக் குறைத்தால் மட்டுமே அது நிலைக்கும். இளஞ்செடியாக இருக்கும்போது எந்த ரகமானாலும் முதல் பூவை உதிர்த்துவிடுவது நல்லது. அந்த வலு வேருக்கும் கிளைக்கும் போகும்.

கேள்வி: புளோரிடா தோட்டங்களில் ‘எமரால்டு’, ‘ஜுவல்’ இரண்டையும் பல ஆண்டுகளாகச் சேர்த்தே நட்டார்களே, ஏன்?

பதில்: ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. ‘எமரால்டு’ படர்ந்து வளரும் வலுவான செடி. பெரிய பழம், கனத்த காப்பு, தண்டுக் கருகலையும் ஓரளவு தாங்கும். ‘ஜுவல்’ சீக்கிரம் பழுக்கும், பழத்தில் லேசான புளிப்பு இருக்கும். முக்கியமானது, இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூக்கும். தெற்கு ஹைபுஷ் தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்கும். வேறு ரகத்தின் மகரந்தம் கிடைத்தால் விதை கூடி, பழம் பெருத்து, சில நாள் முந்தியும் பழுக்கும். முந்திய நாட்களில்தான் விலை என்பதால் அந்தச் சில நாட்கள் சில்லறை விஷயமல்ல.

ப்ளூபெர்ரிப் பூ குடுவை வடிவம். மகரந்தம் நுண்துளை வழியாகத்தான் கொட்டும். பம்பிள் தேனீயும் அமெரிக்கத் தென்கிழக்கின் ப்ளூபெர்ரித் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உலுக்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் பெட்டிகளை அதிகமாக வைத்து ஈடுகட்டுகிறார்கள். ஒரே நேரத்தில் பூக்கும் இரண்டு ரகங்களை அடுத்தடுத்த வரிசைகளில் நட்டால்தான் தேனீயின் உழைப்பு பயனாகும். பழத்தின் தரம் பார்த்து ஜோடி சேர்த்து, பூக்கும் நாளைப் பார்க்காமல் விட்ட தோட்டம் பாதிப் பலனை இழக்கும்.

கேள்வி: பாலைவனத்தில் ப்ளூபெர்ரி விளைவித்து உலகச் சந்தையையே பெரு பிடித்தது எப்படி? அதற்கு எந்த ரகம் காரணம்?

பதில்: ‘பிலாக்ஸி’. அமெரிக்க வேளாண் துறையின் மிசிசிப்பி ஆய்வு நிலையம் 1998இல் வெளியிட்ட ரகம் இது. ‘ஷார்ப்ப்ளூ’ அதன் பெற்றோரில் ஒன்று. காப்புரிமை இல்லாததால் யாரும் பெருக்கி நடலாம். நிமிர்ந்து வளரும், குளிர் ஏறக்குறைய வேண்டாம், பல முறை பூக்கும். பழம் நடுத்தர அளவு. சொந்த நாட்டில் பெரிதாகப் பேசப்படாத இந்த ரகம், மெக்சிகோவிலும் பெருவிலும் ஒரு தொழிலையே தூக்கி நிறுத்தியது.

பெருவின் வடகரையில், ட்ருஹியோவைச் சுற்றிய லா லிபெர்தாத் பகுதியில், ஆண்டிஸ் மலை நீரைப் பாலைக்குத் திருப்பிய சாவிமோச்சிக் பாசனத் திட்டம் நிலத்தைத் தந்தது. ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கடற்கரையை மிதமாக வைத்தது. மழையில்லாததால் இலை நோய் குறைவு. கவாத்து செய்யும் நாளே அறுவடை நாளைத் தீர்மானித்தது. வட அமெரிக்காவில் பழம் கிடைக்காத செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலத்துக்கு ஏற்றபடி கவாத்து செய்தார்கள். வணிகச் சாகுபடி தொடங்கிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பெரு உலகின் முதல் ஏற்றுமதி நாடானது.

2023இல் எல் நினோ கடலைச் சூடாக்கியது. குளிரே வேண்டாத செடிக்குச் சூடு என்ன செய்யும் என்று தோன்றலாம். செடி விழிப்பதற்குக் குளிர் வேண்டாமே தவிர, பூ மொட்டு உருவாவதற்கு மிதமான வெப்பம் வேண்டும். 28 டிகிரியை ஒட்டிய சூடு நீடித்தால் கிளை இலையாக வளருமே தவிர மொட்டு குறையும். நாட்டின் பெரும்பரப்பில் நின்ற ‘பிலாக்ஸி’யும் ‘வெஞ்சுரா’வும் சேர்ந்தே தடுமாறின. அறுவடை தள்ளிப்போய் ஏற்றுமதி சரிந்தது. அமெரிக்கக் கடைகளில் விலை ஏறியது. குளிர் நேரக் குறைவும் வெப்பம் தாங்கும் திறனும் இரண்டு தனித்தனிக் குணங்கள். வெப்ப நாடுகளில் ரகம் தேர்வோர் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பகல் சூட்டைவிட இரவு இறங்காத சூடு இன்னும் கெடுதல். அது பழத்தையும் மென்மையாக்கும்.

கேள்வி: ராபிட் ஐ வகையை யாரும் சொல்வதில்லையே?

பதில்: ஜார்ஜியாவில் சொல்வார்கள். அது அமெரிக்கத் தென்கிழக்கின் சொந்தச் செடி. உயரமாக வளரும், வறட்சியையும் சுமாரான மண்ணையும் பொறுக்கும். 1955இல் வந்த ‘டிஃப்ப்ளூ’, பின்னர் ‘பிரைட்வெல்’ ஆகியவை பேர்பெற்றவை. துணை ரகம் இல்லாமல் நடவே கூடாது. தனியாக நட்டால் பூ உதிரும். பழுப்பது ஜூன், ஜூலையில், சந்தை நிரம்பியிருக்கும்போது. குளிர்காலமே இல்லாத ஊருக்கு இது பொருந்தாது. நிலத்தின் தரம் குறைவு, பராமரிக்க ஆள் குறைவு, உள்ளூர் விற்பனை என்றால் நம்பகமான செடி.

கேள்வி: இனிப்பான பழமா, கெட்டியான பழமா?

பதில்: கடல் தாண்டிப் போகும் பழம் கெட்டியாக இல்லையென்றால் அதன் இனிப்பை ருசிக்க யாரும் இருக்கமாட்டார்கள். பறித்த பிறகு ப்ளூபெர்ரியில் சர்க்கரை ஏறாது. அதனால் சுவையை விட்டுக்கொடுத்துக் கெட்டித்தன்மையை மட்டும் பார்ப்பதும் தவறு. ‘ஸ்வீட்கிரிஸ்ப்’ வழி வந்த மொறுமொறுப்பான ரகங்கள் இரண்டையும் ஓரளவு சேர்த்துத் தருகின்றன. காம்பு பிரிந்த இடத்தின் தழும்பையும் பார்க்க வேண்டும். ‘வின்ட்சர்’ ரகத்தில் பழம் பெரிதாக இருந்தும் அந்த இடம் கிழிந்துவிடும்; ஈரம் கசிந்து அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். கையால் பறிக்கும் தோட்டத்தில் பழத்தின் அளவே கூலியைத் தீர்மானிக்கிறது: ஒரு கிலோ நிறைய, பெரிய பழத்தில் பாதி கையசைவு போதும். இயந்திரத்தால் பறிக்க ‘ஃபார்திங்’ போன்ற கெட்டிப் பழமோ, ‘மெடோலார்க்’ போன்ற தளர்ந்த கொத்தோ உதவும்.

கேள்வி: நல்ல ரகம் கிடைத்தால் சுமாரான மண்ணைச் சமாளிக்கலாமா?

பதில்: முடியாது. ப்ளூபெர்ரிக்கு அமில மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. அதற்கு மேலே போனால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வேருக்கு வேர்த்தூவிகள் கிடையாது. மேலாகப் படர்வதால் நீர் தேங்கினாலும் காய்ந்தாலும் உடனே வாடும். புளோரிடாவில் பைன் மரப்பட்டைத் தூளைப் பாத்தியாகப் போட்டு நடுகிறார்கள். மண் ஒத்துவராத நாடுகளில் தொட்டிச் சாகுபடி பெருகிவிட்டது. அதில் தென்னை நார்க்கழிவு முக்கிய ஊடகம். பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து ஏற்றுமதியாகும் நார்க்கழிவுக்கு இந்தச் சாகுபடியில் நல்ல இடமுண்டு. ப்ளூபெர்ரிக்கு உப்பு ஆகாது என்பதால் சோடியம் போகக் கழுவி, கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்த கழிவையே பயன்படுத்துகிறார்கள். பாசன நீரில் பைகார்பனேட் அதிகமிருந்தால் அமிலம் கலந்து தணித்துத் தருவார்கள்.

கேள்வி: புதிய ரகங்களுக்கு உரிமத் தொகை கேட்கிறார்கள். கொடுப்பது லாபமா?

பதில்: அமெரிக்காவில் தாவரக் காப்புரிமை 20 ஆண்டு. ‘ஸ்டார்’, ‘எமரால்டு’, ‘ஜுவல்’ அந்தக் காலத்தைக் கடந்துவிட்டன. ‘பிலாக்ஸி’க்குக் காப்புரிமையே இருந்ததில்லை. புதிய ரகங்களில் பலவற்றை உரிமம் பெற்றவர்தான் நட முடியும். சிலவற்றில் பழத்தை யாரிடம் விற்பது என்பதும் ஒப்பந்தத்தில் கட்டப்பட்டிருக்கும். விலை கூடுதலாகத் தரும் வாங்குபவர் உறுதியாக இருந்தால் அந்தச் செலவு நியாயமே. உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பும் சிறு தோட்டத்துக்கு அந்தச் சுமை தேவையில்லை.

கேள்வி: கடைசியில், எத்தனை ரகம் நடலாம்?

பதில்: குறைந்தது இரண்டு, ஒருங்கே பூப்பவையாக, பெரிய தோட்டத்தில் மூன்று நான்கு, அடுத்தடுத்துப் பழுப்பவையாக. பறிக்கும் ஆட்கள் ஒரே வாரத்தில் திணறாமலும் அடுத்த வாரம் சும்மா இருக்காமலும் பார்த்துக்கொள்ள அதுவே வழி. ஊருக்குப் புதிய ரகத்தை முழு நிலத்திலும் நடுவதற்கு முன் சில வரிசைகளில் வைத்து, இரண்டு காப்பாவது பார்ப்பது நல்லது. முதல் பூ, முதல் இலை, அறுவடை உச்சம் ஆகியவற்றின் தேதிகளையும், மழைக்காலம் முடியும்போது செடியில் எவ்வளவு இலை மிஞ்சியிருக்கிறது என்பதையும் ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.