எதை விட்டுக்கொடுக்கலாம்?

கேள்வி: சென்னையை அடுத்த முடிச்சூரில் கையிருப்புக்குள் ஒரு ஃப்ளாட் வருகிறது. சமையலறை சிறிது, வாசல் தெற்கு, பால்கனி இல்லை. எதை விட்டுக்கொடுப்பது?

பதில்: மூன்றையுமே விட்டுக்கொடுக்கலாம். 2015 டிசம்பரில் முடிச்சூருக்குள் வந்த வெள்ளம், வாசல் எந்தத் திசை என்று பார்க்கவில்லை. முதலில் தெருமுனை டீக்கடைக்காரரிடம், ‘இங்கே தண்ணீர் எதுவரை நின்றது?’ என்று கேளுங்கள். அவருக்குக் கமிஷன் கிடையாது, உண்மையைச் சொல்வார். அடுத்து தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி. முக்கியமாக, மனையில் உங்கள் பெயருக்கு வரும் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி? கட்டடத்துக்கு வயதாகும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான். இவற்றில் ஒன்று உதைத்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பத்திரம் பார்க்கும் வக்கீலிடம் மட்டும் பேரம் வேண்டாம்.