கடந்தையைக்கூடச் சமாளிக்கலாம்

வீட்டில் கடந்தைக் குளவி கூடு வைத்திருப்பது தெரிந்தால், செய்தி முதலில் பெரிய மாமாவின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்தில் மட்டுமில்லை, நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு மாமா உண்டு. "சவம், இதுக்குப் போயி ஆளக் கூப்பிடணுமாக்கும்? நான் எத்தன பாத்திருக்கேன்!" என்று கேட்டபடியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓலைச் சூட்டு கட்ட ஆரம்பித்துவிடுவார். கூடு எரிகிறதோ இல்லையோ, விறகுப்புரை கட்டாயம் எரியும்.

குளவிகள் நம் ஊரை விரும்புவதில் வியப்பில்லை. வளர்ந்த குளவிக்கு இனிப்பு வேண்டும். புழுவுக்கு இறைச்சி வேண்டும். முற்றத்தில் வெட்டிப்போட்ட சக்கைமடல், பனையில் அக்கானிக் கலயம், கிணற்றடியில் மீன் செதில். விருந்தை நாமே பரிமாறிவிட்டு வந்தவர்களைத் திட்டுகிறோம். கழிவை மூடிவைத்தாலே பாதிக் கூட்டம் குறையும் என்று வீட்டில் சொன்னேன். மீன் கழுவுகிறவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். விட்டுவிட்டேன்.

எல்லாக் குளவிக்கும் ஒரே தண்டனை கொடுக்கக் கூடாது. சுவர் மூலையிலும் பிளக் ஓட்டையிலும் மண்ணைக் குழைத்துப் பூசுகிறதே, அது சாது. கூட்டைக் காக்கச் சண்டைக்கு வராது. காய்ந்த கூடு ஒன்றைத் திருப்புளியால் நெம்பிப் பார்த்தேன்: அறைக்குள் சின்னச் சின்னச் சிலந்திகள், கால் மடக்கி நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. கொட்டி முடக்கியதுதான், கொல்லவில்லை. புழு தின்று முடிக்கும்வரை கெட்டுப்போகாது. எங்கள் ஃப்ரிட்ஜில் நெய்மீன் இரண்டாம் நாளே வேறு மாதிரி மணக்கிறது.

ஓட்டுச் சாய்ப்பின் அடியில் அறைகள் திறந்தபடி தொங்கும் காகிதக் கூட்டுக்காரர்கள் இன்னொரு வகை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் இவர்களில் ஓர் இனத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். அந்த இனத்தில் ராணி பரம சாது, யாரையும் அதட்டுவதில்லை. ராணி இல்லாமல் போனால் ஒரு வேலைக்காரி திடீரென்று சண்டைக்காரியாகிறாள்; மற்றவை அடங்கிப்போகின்றன; சில நாளில் இவளும் ராணியாகிச் சாந்தமாகிவிடுகிறாள். எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்கு இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது.

ஆனால் தென்னந்தலைப்பில் பானை அளவுக்குத் தொங்கும் கடந்தைக் கூட்டோடு விளையாட்டு வேண்டாம். கருப்பு உடம்பு, வயிற்றில் ஆரஞ்சுப் பட்டை. தேனீ கொடுக்கைத் தோலில் விட்டுவிட்டுச் சாகும். கடந்தைக்குக் கொடுக்கு கையோடு இருக்கும், திரும்பத் திரும்பக் கொட்டும். ஒன்றை நசுக்கினால் கிளம்பும் வாசனையே மற்றவைக்கு அழைப்பு. கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடி, வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்த வேண்டும். கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வைக்கலாம். உதடு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, நிறையக் கொட்டியிருந்தாலோ சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்கக் கூடாது, நேரே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி. அதிகம் கொட்டினால் விஷம் சிறுநீரகத்தைக்கூடக் கெடுக்கும்.

கூட்டை அகற்றுவது தீயணைப்புக்காரர்கள் வேலை. 101 அல்லது 112. நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, குளச்சல் என்று நிலையங்கள் இருக்கின்றன. இருட்டிய பிறகு செய்வதுதான் முறை, அப்போதுதான் எல்லாக் கடந்தையும் கூடு திரும்பியிருக்கும். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். உடம்பு முழுக்க மூடிக்கொண்டு தென்னையை நெருங்குவதற்குள், தெருவே டார்ச்சோடு கூடிவிட்டது. விளக்கைக் கண்டால் கடந்தை விளக்குப் பிடித்தவரிடம் வரும் என்று ஒருவர் அதட்டியதும் எல்லா டார்ச்சும் அணைந்தன. போன்கள் மட்டும் வீடியோ எடுக்க எரிந்தன. அவற்றையும் அணைக்கவைத்து, எல்லோரையும் வீட்டுக்குள் அனுப்பிக் கதவை அடைத்த பிறகே வேலை தொடங்கியது. அதற்குள் தெருவை ஒதுக்கியே அவர்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் காலையில் அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு அந்தப்புறமிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, எங்க மாவுலயும் ஒரு கூடு கெடக்கு கேட்டியளா. நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரே வண்டியில முடிஞ்சிருக்கும்லா?"