நான்காவது மூலையின் குறை

கேள்வி: சாமி படத்துக்கு நானே பிரேம் போடுகிறேன். 45 டிகிரியில்தான் அறுக்கிறேன். மூன்று மூலை கச்சிதமாகச் சேருகிறது. நான்காவது மட்டும் வாயைப் பிளக்கிறதே, ஏன்?

பதில்: அது அப்பாவி, மற்ற மூன்றின் பாவத்தையும் சேர்த்துச் சுமக்கிறது! ஒரு பிரேமுக்கு 8 வெட்டு. ஒவ்வொன்றும் அரை டிகிரி குறைந்தால், கடைசி மூலையில் 4 டிகிரி இடைவெளி. முதலில் இரண்டு துண்டுக் கட்டைகளை அறுத்துச் சேர்த்து, மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது.

கோணம் சரியானாலும் எதிரெதிர்ச் சட்டங்கள் சம நீளமாக இல்லாவிட்டால் மூலை கூடாது. ரம்பத்துக்குப் பக்கத்தில் தடுப்புக் கட்டை பொருத்தி, அதில் முட்டவைத்து இரண்டையும் அறுங்கள். நீளச் சட்டங்களை முதலில் அறுப்பது புத்திசாலித்தனம். பிசகினால் குட்டைச் சட்டத்துக்கு ஆகும்.

அளவைக் கண்ணாடி உட்காரும் காடியில் எடுத்து, 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். இறுக்கிப் பிடித்தால் கண்ணாடி விரிசல் விடும்.

கட்டை வாங்கும் கணக்கு: படத்தின் சுற்றளவோடு சட்ட அகலத்தைப்போல் 8 மடங்கு கூட்டுங்கள். 10க்கு 12 அங்குலப் படம், ஒரு அங்குலச் சட்டம் என்றால் 44 + 8 = 52 அங்குலம். ரம்பம் தின்னும் தூளுக்கும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே வாங்குங்கள். அறுத்த கட்டை வளராது!