திங்கட்கிழமை மட்டும் வரும் வியாதி

நோயாளியிடம் வைத்தியர் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஹிப்போகிரட்டிஸ் ஒரு பட்டியல் போட்டுவிட்டுப் போனார். உலகம் இரண்டாயிரம் வருஷம் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. 1700இல் இத்தாலியின் மோடெனாவில் பெர்னார்டினோ ரமாஸினி என்ற வைத்தியர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டு, பட்டியலில் இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்தார்: "நீ என்ன வேலை பார்க்கிறாய்?" மருத்துவ வரலாற்றில் இதற்கு மாலை மரியாதை உண்டு. திருப்பூர்க்காரனுக்கு இதில் என்ன அதிசயம் என்று விளங்காது. பல்லடம் ரோட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த மறுகணமே பக்கத்து ஆள் கேட்பார்: "எந்தக் கம்பெனிங்க? கட்டிங்கா, டைலரா, செக்கிங்கா?" பேர், ஊர், குலமெல்லாம் இரண்டாவது டீக்கு அப்புறம்தான்.

ரமாஸினிக்கு இந்த ஞானம் பிறந்த இடம் கக்கூஸ். அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஆள் பேய் பிடித்த மாதிரி அவசரமாக வேலை பார்த்தான். ஏனப்பா இவ்வளவு அவசரம் என்று கேட்டார். அதிக நேரம் இருந்தால் கண் போய்விடும் என்றான். அன்று முதல் ரமாஸினி பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். சணலும் ஆளியும் சிக்கெடுப்பவர்கள் அந்தத் தூசியில் ஓயாமல் இருமுவதை எழுதி வைத்தார். பஞ்சாலை என்ற ஒன்று அப்போது உலகத்திலேயே கிடையாது. ஆலை வருவதற்கு முன்பே அதன் இருமல் புத்தகத்தில் ஏறிவிட்டது.

பிறகு இங்கிலாந்தில் நீராவி வந்தது, மில் வந்தது, புகை வந்தது. 1831இல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் கே என்ற டாக்டர் நூற்பாலைத் தொழிலாளிகளின் நெஞ்சுக் கோளாறைத் தனி நோயாக விவரித்தார். வழக்கம்போல யாரும் கண்டுகொள்ளவில்லை. கதையின் முக்கியமான கட்டம் 1845இல், பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் வருகிறது. மரெஸ்கா, ஹேமன் என்று இரண்டு டாக்டர்கள் பருத்தி மில் தொழிலாளர்களை விசாரித்தார்கள். தொழிலாளிகள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: வாரக் கடைசியில் தூசி அவ்வளவாகப் படுத்துவதில்லை, திங்களும் செவ்வாயும்தான் உயிரை வாங்குகிறது.

முதலாளிகளைக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அளவுக்கு மீறி ஆட்டம் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள் முதலாளிகள். தொழிலாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. வாரம் முழுக்கத் தூசியில் இருந்தால் உடம்பு பழகிவிடுகிறது, ஒருநாள் லீவு விட்டால் அந்தப் பழக்கம் போய்விடுகிறது, மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது என்று விளக்கமே கொடுத்தார்கள்.

நூற்றெண்பது வருஷத்துக்கு முந்தைய இந்த வாக்குவாதம் நம்மூர் மில்லில் எந்தத் திங்கட்கிழமையும் மொழிமாற்றம் இல்லாமல் கேட்கக் கிடைக்கும்.

"ஏனுங்ணா, காலைல இருந்து நெஞ்சப் புடிச்ச மாதிரியே இருக்குதுங்க."

"நேத்து ஞாயித்துக்கெழம. எத்தன குவாட்டரு?"

"நான் குடிக்கறதே இல்லீங்ணா."

"அப்ப கறி சாஸ்தியாத் தின்னிருப்ப. போயி மெசினப் பாரு."

சூப்பர்வைசரின் மருத்துவ அறிவைக் குறை சொல்ல முடியாது. பெல்ஜியத்தில் பெரிய பெரிய முதலாளிகளே அந்த அளவோடுதான் நின்றுகொண்டார்கள்.

1877இல் பாரிஸில் ஒரு டாக்டர் இந்த நோய்க்கு முறைப்படி ஞானஸ்நானம் செய்தார்: பிஸினோசிஸ். அந்த டாக்டர் அத்ரியன் புரூஸ்ட். வீட்டில் அவருக்கு ஆறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான், பேர் மார்செல். பையனுக்குப் பின்னால் ஆஸ்துமா வந்தது. பெரியவனானதும் தூசியும் சத்தமும் வராமல் அறைச் சுவரெல்லாம் தக்கை அடித்து, உள்ளேயே படுத்தபடி ஏழு தொகுதி நாவல் எழுதினான். அப்பா வைத்த பேர் மில்காரர்களின் நுரையீரலோடு போயிற்று, மகன் எழுதியது இலக்கிய மாணவர்களின் உயிரோடு போகிறது. எதில் அதிகம் பேர் மூச்சுத் திணறினார்கள் என்று கணக்கெடுத்தவர் இல்லை.

1941இல் பிரிட்டிஷ் அரசு மனமிரங்கி, பஞ்சறையில் இருபது வருஷம் தள்ளிய ஆண்களுக்கு நஷ்டஈடு என்றது. பத்தொன்பதரை வருஷத்து இருமல் கணக்கில் வராது. அப்புறம் மிஷின்களைச் சரிசெய்தாயிற்று, நோய் ஒழிந்தாயிற்று என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தபோது, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஷில்லிங் 1950களில் லங்காஷயர் மில்களுக்குள் போய்த் தொழிலாளிகளிடமே கேட்டார். கார்டிங் பகுதியில் பாதிக்குப் பாதிப் பேருக்கு நோய் இருந்தது. கார்டிங் என்றால் தெரியாதவர்களுக்கு: பஞ்சைச் சிக்கெடுத்து, சீவி, கயிறாக இழுக்கிற இடம். மில்லிலேயே பஞ்சு நன்றாகப் பறக்கிற இடமும் அதுதான்.

ஷில்லிங் நோய்க்குத் தரவரிசை வகுத்தார். எப்போதாவது ஒரு திங்கட்கிழமை நெஞ்சைப் பிடித்தால் அரை. எல்லாத் திங்கட்கிழமையும் பிடித்தால் ஒன்று. மற்ற நாளிலும் பிடித்தால் இரண்டு. நிரந்தரமாக மூச்சு குறைந்துவிட்டால் மூன்று. அந்த 'அரை' எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்றரை ஷிப்ட் என்ற கணக்கிலேயே காலம் தள்ளுகிற திருப்பூருக்கு அரை வியாதி என்பதும் நன்றாகப் புரியும்.

அமெரிக்கா இந்த வம்புக்கே வரவில்லை. அங்கே இப்படி ஒரு நோயே கிடையாது என்று மில்காரர்கள் சத்தியம் செய்தார்கள். 1969இல் ஜவுளித் தொழில் பத்திரிகை ஒன்று, இதெல்லாம் பணத்தாசை பிடித்த டாக்டர்கள் கட்டிவிட்ட கதை என்று எழுதியே விட்டது. அதற்கு முன்பே, சோதித்துப் பார்க்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கிளம்பியபோது எந்த மில்லும் கேட்டைத் திறக்கவில்லை. பின்னாளில் யேல் மருத்துவக் கல்லூரிக்குப் போன ஆரென்ட் பௌஹைஸ் என்ற டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். அட்லாண்டா மத்திய சிறைக்குள் ஒரு பருத்தி மில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய்க் கைதிகளின் நெஞ்சைச் சோதித்தார். நோய் இருந்தது. 'வேலை போய்விடும்' என்று பயப்படாத மில் தொழிலாளி அந்த நாட்டில் ஜெயிலில்தான் கிடைத்தான். போனால் சந்தோஷம் என்றல்லவா அவன் இருப்பான்.

1978இல் அமெரிக்க அரசு நூற்பாலைக் காற்றில் பஞ்சுத்தூசிக்கு உச்சவரம்பு வைத்தது: ஒரு கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம். தொழிலே அழிந்துவிடும் என்று முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1981இல் தோற்றார்கள். வேறு வழியில்லாமல் புது மிஷின் வாங்கிப் போட்டார்கள். தூசி குறைந்தது, கூடவே உற்பத்தி ஏறிவிட்டது. இந்த அவமானத்தை அவர்கள் எப்படித் தாங்கினார்களோ. பிற்பாடு அங்கிருந்த மில்கள் ஆசியப் பக்கம் நடையைக் கட்டின. அமெரிக்காவில் நோய் குறைந்ததில் சட்டத்துக்கு ஒரு பங்கு உண்டென்றால் கப்பலுக்கும் ஒரு பங்கு உண்டு.

இதற்கிடையில் பஞ்சில் அப்படி என்ன விஷம் என்று ஒரு கூட்டம் தேடிக்கொண்டிருந்தது. பஞ்சைக் கழுவிப் பார்த்தார்கள். இட்லிப் பானையில் வைத்த மாதிரி ஆவியில் வேகவைத்தும் பார்த்தார்கள். 1987இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான ஆட்களைச் சோதனைக் கார்டிங் அறைக்குள் உட்காரவைத்து விதவிதமான பஞ்சின் தூசியைச் சுவாசிக்கவிட்டு, ஊதச் சொல்லி அளந்தார்கள். தூசி எவ்வளவு என்பதைவிட அதில் எண்டோடாக்ஸின் எவ்வளவு என்பதுதான் மூச்சுக் குறைவோடு பொருந்திப் போனது. பருத்திக் காயோடு ஒட்டிவரும் இலை, சருகில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் மேல்தோல் சமாச்சாரம் அது. நூறு வருஷத்துக்கு மேல் குற்றவாளிக் கூண்டில் நின்ற வெள்ளைப் பஞ்சு கிட்டத்தட்ட நிரபராதி. இன்னொன்று, எண்டோடாக்ஸினுக்கு உடம்பு சில நாளில் பழகிவிடும், விலகி இருந்தால் மறந்துவிடும். கெண்ட் மில்காரன் 1845இல் சொன்னதும் இதேதான். அவனுக்கு டாக்டர் பட்டம் இல்லாததால் நூற்றைம்பது வருஷம் தாமதமாகிவிட்டது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் கிறிஸ்டியானி 1981இல் ஷாங்காய் போய், 447 பருத்தி மில் தொழிலாளர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க 472 பட்டு மில் தொழிலாளர்களையும் பிடித்துவைத்தார். பிடித்தவர் விடவேயில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஊதச் சொல்லிவிட்டுப் போவார். ஓய்வு பெற்ற பிறகும் தேடிப் பிடித்து ஊதச் சொன்னார். பருத்திக்காரர்களுக்கு மூச்சுத் திறன் அதிகமாகத் தேய்கிறது, தூசியை விட்டு வந்தபின் கொஞ்சம் மீள்கிறது என்பது அந்தப் பொறுமையின் பலன். அதே ஷாங்காயில் 2,67,400 பெண் ஜவுளித் தொழிலாளர்களை வைத்து நடந்த வேறொரு பெரிய ஆய்வு விபரீதமாக ஒன்றைச் சொன்னது: எண்டோடாக்ஸினை அதிகம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு. 2007இல் வந்த இந்தச் செய்தி எந்த மில் ஓனர் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். பட்டால் கேன்டீன் வாசலில் ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டிவிடுவார்கள், சம்பளத்தில் மருத்துவச் சலுகை என்று பிடித்தாலும் பிடிப்பார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் 1888இல் வந்தது. 1932இல் பைக்காரா கரண்ட் வந்ததும் மில்கள் மழைக்காளான் போல முளைத்தன. திருப்பூரில் பனியன் தைக்கிற ஹாலில் அவ்வளவு தூசி கிடையாது. அதைச் சுற்றியிருக்கிற ஜின்னிங்கிலும் ஸ்பின்னிங்கிலும்தான் பஞ்சு ஆட்டம் போடுகிறது. அதிலும் பனியன் கட்டிங் வேஸ்ட்டை வாங்கிக் கிழித்து மறுபடி நூலாக்குகிற ஓ.இ. மில் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை வெட்டித் தைத்த பஞ்சு இரண்டாம் ஜென்மம் எடுக்கும்போது துண்டு துண்டாகி, தூளாகி, பஞ்சு பிரிக்கிற ப்ளோரூமில் நிற்பவர் புருவத்திலும் இமையிலும் உட்கார்ந்துகொள்ளும். முப்பது வயதுக்காரர் ஷிப்ட் முடிந்து வரும்போது அறுபது வயதுக்காரர் மாதிரி இருப்பார். வெளியே வந்ததும் ஏர் ஹோஸைப் பிடித்து ஒருவர் தலையில் ஒருவர் அடித்துக்கொள்வார்கள். தலை கறுத்துவிடும். கிளம்பிய தூசி எங்கே போகும்? பக்கத்தில் நிற்பவன் மூக்குக்குத்தான். இந்தத் தூசியை என்ன செய்யலாம் என்று பார்க்க, கராச்சியில் ஆகா கான் பல்கலைக்கழக மருத்துவர்கள் 38 மில்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். பயிற்சி, முகக்கவசம் இவற்றோடு அவர்கள் சோதித்த இன்னொரு சங்கதி, ஈரத் துணி போட்டுத் துடைப்பது. தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கு என்று எங்கள் அம்மிச்சி சொல்வார். அதைப் பல்கலைக்கழகம் சொல்ல ஒரு தலைமுறை ஆனது.

சட்டத்தில் குறையொன்றும் இல்லை. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே பிஸினோசிஸ் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கண்டுபிடிக்கிற டாக்டர் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது அது. இ.எஸ்.ஐ. பட்டியலிலும் உண்டு. கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். ஷில்லிங்கின் கேள்வித்தாள் எல்லாம் திங்கட்கிழமையை நம்பி எழுதியது. வெள்ளிக்கிழமை விடுமுறை விடுகிற நாட்டில் இதைக் கேட்டால் சனிக்கிழமை என்றல்லவா பதில் வரும்? நம் ஸ்பின்னிங் மில்லோ வாரம் ஏழு நாளும் ஓடும். ஆளுக்கொரு கிழமை லீவு. ஒருவருக்கு வியாழக்கிழமைதான் திங்கட்கிழமை, இன்னொருவருக்கு செவ்வாய். திங்கட்கிழமை நெஞ்சைப் பிடிக்குதா என்று கேட்டால் "அன்னிக்கு எனக்கு லீவுங்க, நல்லாருப்பன்" என்பார். கேட்டவர் 'நோயில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விடலாம். திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022இல். அங்கே படிக்கிற பிள்ளைகள் டீக்கடையில் கேட்கிற கேள்வியை ஓ.பி.யிலும் கேட்டு, கூடவே 'லீவு என்னிக்கு' என்றும் கேட்டால் நிறையப் பேர் அகப்படுவார்கள்.

அதுவரை கைவைத்தியம் இருக்கிறது: வெல்லம். தூசியில் வேலை செய்பவருக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுத்தால் நெஞ்சில் சேர்ந்ததைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது நாடு முழுக்க உள்ள நம்பிக்கை. வெல்லம் போகிற குழாய் வேறு, பஞ்சு போகிற குழாய் வேறு என்று பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், லக்னோவிலுள்ள தொழில்நச்சியல் ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கிறவரை. எலிகளின் நுரையீரலில் நிலக்கரித் தூசியும் சிலிக்காத் தூசியும் ஏற்றி, சிலவற்றுக்கு மட்டும் வெல்லம் கொடுத்துப் பார்த்தார்கள். வெல்லம் தின்ற எலிகளின் நுரையீரலிலிருந்து தூசித் துகள்கள் அதிகமாக வெளியேறின, புண்ணும் குறைவாக இருந்தது. பஞ்சுத்தூசியை அவர்கள் சோதிக்கவில்லை. மில்காரர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கிற ஜாதியா? தூசி உறிஞ்சும் மிஷினுக்குக் கொட்டேஷன் கேட்டால் லட்சத்தில் சொல்கிறார்கள். வெல்ல மண்டியில் கேட்டால் கிலோக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.