வலம் வரும் வேன் இடம் இழுப்பது ஏன்? ஓர் ஆய்வு

அண்ணாமலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்பதில் பக்தர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபடுவது பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் மட்டுமே. 1960, 70களில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக ஞானம் தேடி இந்தியா வந்த ஐரோப்பியர் பலர் படுக்கையும் அடுப்புமாக ஓட்டிவந்த வண்டி அது. அதை 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விட்டால், பாதை வலப்பக்கம் வளைய, ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது. இது வண்டியின் நாத்திகமா, ஸ்டியரிங்கை முன்சக்கரங்களோடு இணைக்கும் டை ராடின் குறையா என்பதே ஆய்வுச் சிக்கல்.

முன்னோடிகளில் முதலிடம் தேருக்கு. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாடவீதிகளில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. பெரிய தேரின் சக்கரங்கள் இடவலம் திரும்பா. ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துத் தடுத்தால் மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். அலைன்மென்ட் என்ற பேச்சே இல்லாமல் நான்கு மூலையும் திரும்பி நிலைக்கு வந்துவிடுகிறது. எனவே சக்கரக் கோணம் தேவையற்றது என்று வாதிடலாம். ஆனால் தேரை இழுக்க ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். வேன் நின்றுபோனால் தள்ள நாலு பேர் கிடைப்பதே அருள்.

அடுத்தவர் மூனிக் நகர வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர். வளைவில் உட்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும் என்று 1817இல் வழி கண்டவர். மறு ஆண்டு லண்டனில் காப்புரிமை வாங்கிக்கொடுத்தவர் ஆக்கர்மன் என்ற புத்தகக் கடைக்காரர். இன்றும் அந்த அமைப்புக்கு ஆக்கர்மன் பெயர்தான். நெறியாளர் பெயர் முன்னால் வரும் ஆய்வேடுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

இனி கள ஆய்வு. முன்சக்கரம் திரும்பும் மூட்டு, 1967 வரை வந்த வண்டியில் கிங் பின், பிறகு பால் ஜாயின்ட். எதில் ஆட்டம் இருந்தாலும் அளப்பது வீண். ஆட்டமில்லையெனில் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக்கி, இரு முன்டயர்களின் முன்புறத்தில் அச்சு உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு இடைவெளியை அளக்க வேண்டும். அதே கோடுகள் பின்னால் வரும்வரை வண்டியை உருட்டி மறுபடி அளக்க வேண்டும். ரிம் சற்று வளைந்திருந்தாலும் கணக்குப் பிசகாது. முன்னளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் அதுதான் டோ-இன். சரியில்லையென்றால் லாக் நட்டைத் தளர்த்தி டை ராடைத் திருக வேண்டும். ஒரு முனை வலம்புரி, மறுமுனை இடம்புரி என்பதால் ராடு நீளும், சுருங்கும்.

இவ்வளவும் செய்தபின்னும் வண்டி இடமே இழுக்கும். டோ பிசகினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஒருபக்கம் இழுப்பது அதன் குற்றமல்ல. மழைநீர் வடிய நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரம் சரிகின்றன; இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் வண்டியும் இடப்பக்கம் சரியும். கிரிவலத்தில் இடப்பக்கமாகவே செல்ல வேண்டும், மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களுக்கு உரியது என்று மரபும் சொல்கிறது. ஆகவே வேன் ஆத்திகமே, இழுப்பு நியாயமே.

இழுப்பு மிதமிஞ்சினால் மட்டும் அலைன்மென்ட் கடைக்குப் போகுமுன் இடது முன்டயரில் காற்றைப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சோதனை ஓட்டத்துக்குப் பௌர்ணமி வேண்டாம். அன்று கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள்.