பத்தாலாவில் பதிந்த டிக்கெட்

மூன்று நாளில் முடியும் என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் இழுத்தடிக்கும் வழக்கம் மென்பொருள்காரர்களால் வந்தது என்று ஓர் அவதூறு உண்டு. பாவம், அவர்கள் நேற்று வந்தவர்கள். 1344இல் மாலைதீவிலிருந்து மஅபருக்கு, அதாவது தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு, ஒரு கப்பல் வெளிக்கிட்டது. மூன்று நாள் ஓட்டம். ஆனால் வழி தெரிந்த ஆள் கப்பலில் இல்லை. ஒன்பதாம் நாள் கண்ணில் பட்டது மஅபர் அல்ல, புகைத்தூண் போல வானத்தில் எழுந்து நின்ற எங்கள் சிவனொளிபாதமலை. கேட்டது ஒரு நாடு, டெலிவரி ஆனது வேறொரு நாடு.

கப்பலில் இருந்தவர் இப்னு பதூதா. மொரோக்கோக்காரர். மாலைதீவில் காழியாக இருந்து, அங்கத்தைய மேலிடத்தோடு முறுகிக்கொண்டு வேலையை விட்டவர். கப்பல் ஒதுங்கிய துறை, அவர் எழுத்தில் பத்தாலா. நாங்கள் புத்தளம் என்கிறோம்.

கரையைக் கண்டதும் மாலுமிகள் பக் ரிப்போர்ட் பதிந்துவிட்டார்கள். சாரம் இதுதான்: இது வணிகர்கள் நம்பி இறங்கும் துறை இல்லை. ஆளுகிறவர் ஆரியச் சக்கரவர்த்தி, பொல்லாத மனிசர், கடலில் கொள்ளையடிக்கக் கப்பல் வைத்திருக்கிறார். தீவிரம்: உயிராபத்து. முன்னுரிமை: உடனடி. ஆதாரம்: ஆரோ சொன்னது.

அந்த நேரம் பார்த்துக் காற்றும் மூர்க்கமானது. உள்ளே போனால் கொள்ளை, வெளியே நின்றால் மூழ்கல். பதூதா என்னைக் கரையில் இறக்குங்கள், நான் போய்க் கதைக்கிறேன் என்றார். கரையில் மறித்தவர்களிடம் தான் மஅபர் சுல்தானின் சகலை என்றார். பொய்யில்லை, உண்மையிலேயே சகலைதான். சகலை என்ற சொல்லுக்குத் திறக்காத கதவு இந்தக் கடலின் இரண்டு கரையிலும் இல்லை.

பொல்லாத மனிசர் என்ன செய்தார்? எழுந்து நின்று வரவேற்றார். பக்கத்தில் இருத்தினார். பாரசீகம் விளங்கும் என்பதால், வந்தவரை ஊர்க்கதை உலகக்கதை சொல்லவைத்து மூன்று நாள் கேட்டார். முத்துக்களைக் காட்டி, இப்படி நீ பார்த்ததுண்டா என்றார். இதைவிடக் குறைந்ததைத்தான் பார்த்திருக்கிறேன் என்று பதூதா சொன்னதும் முத்துக்கள் கைமாறின. ஒரு வாடிக்கையாளருக்கு இதைவிட நன்றாக முகஸ்துதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாலுமிகளின் டிக்கெட்டின் கீழே பதூதா எழுதியிருக்கக்கூடியது ஒரே வரி: சோதித்தேன், பிழை வரவில்லை, மூடவும்.

அடுத்தது ஃபீச்சர் ரிக்வெஸ்ட். கூச்சப்படாமல் வேண்டியதைக் கேள் என்று அரசரே சொன்னார். சிவனொளிபாதமலையிலுள்ள ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும், அது ஒன்றே ஆசை என்றார் பதூதா.

இனித்தான் பாடம். அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்று அரசர் சொல்லவில்லை. கமிட்டி போடவில்லை. வருஷாவருஷம் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நாலு பேர், பிராமணர் மூன்று பேர், தன் ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்கப் பதினைந்து பேர் என்று ஆட்களை ஒதுக்கினார். மொத்தம் 32. அதில் கிட்டத்தட்டப் பாதி சோற்றுக்கு. கோப்பியையும் பிஸ்கட்டையும் காட்டி ஆட்களை ராவிரவாக வேலை வாங்கும் நிறுவனங்கள் இந்த விகிதத்தைக் குறித்துக்கொள்ளலாம். கப்பலை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. ஒரு வருஷமானாலும் இவரை விட்டுப் போகமாட்டேன் என்றார் நாகுதா, அதாவது கப்பல் தலைவர், இப்ராஹீம். அப்படியானால் நீ திரும்பும்வரை அவர் என் விருந்தாளி என்றார் அரசர். பதூதாவுக்குப் பல்லக்கும் கிடைத்தது. அதைத் தூக்கியவர்கள் அடிமைகள். அவர்கள் கேட்டது எந்த டிக்கெட்டிலும் ஏறவில்லை.

காட்டு வழியில் அட்டை. மரத்திலும் புல்லிலும் இருந்து ஆள்மேல் பாயும், இரத்தம் ஓடும். ஊர்ச்சனம் தேசிக்காயைக் கையில் வைத்திருந்து அதன்மேல் பிழிவார்கள், விழுந்துவிடும். பிறகு மரக்கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டுவார்கள். 1947 செப்டெம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் டூ கணினிக்குள் சிக்கிய விட்டில்பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டிவைத்து, நிஜமான பக் இதுதான் என்று உலகம் கொண்டாடுகிறது. எங்கள் அட்டை அதைவிட 603 வயது மூத்தது. திருத்தம் இன்னும் வரவில்லை. தேசிக்காய்தான்.

அதே வழியில் குரங்குகளையும் பார்த்தார். அவற்றின் தலைவர் இலையால் தலையில் பட்டி கட்டியிருப்பாராம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்து, நாடு முழுக்க இருண்டு, எங்கள் கரையிலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையமும் படுத்தபோது அமைச்சர் குரங்கைத்தான் கைகாட்டினார். தலைப்பட்டி இருந்ததா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

மலை ஏறி, காலி, கொழும்பு வழியாகப் பதூதா புத்தளம் திரும்பினார். நாகுதா சொன்னபடி காத்திருந்தார். பிறகு மஅபரில் ஒருநாள், அதே ஆரியச் சக்கரவர்த்தியின் நூறு கப்பல்கள் வந்து நிற்பதைப் பார்த்தார். யேமனுக்குப் புறப்பட இருந்த சுல்தானின் கப்பல்களில் அவற்றுக்குக் கண். கரையில் காவல் பலமானதும், நாங்கள் யேமன் போகும் எங்கள் கப்பல்களுக்குப் பாதுகாப்புக்கு வந்தோம் என்றார்களாம் வந்தவர்கள். இது பக் இல்லை, ஃபீச்சர் என்ற பதிலுக்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது.

மாலுமிகள் பொய் சொல்லவில்லை. அரசரின் விருந்தாளிக்கு வராத பிழை, விருந்தாளி இல்லாதவனுக்கு வந்திருக்கும். மேலாளரின் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது என்பதற்காக டிக்கெட்டை மூடக்கூடாது.

கொள்ளையும் வந்தது, வேறு கரையில். இந்தியாவின் மேற்குக் கடலில் ஹொன்னாவருக்கும் பாக்கனூருக்கும் இடையில் பன்னிரண்டு கப்பல்கள் வளைத்துக்கொண்டன. புத்தளத்து முத்துகள் போயின. புகாராவில் அவர் எழுதிவைத்திருந்த குறிப்புகளும் போயின. மிஞ்சியது உடுத்தியிருந்த காற்சட்டை. 1355இல் ஃபெஸ் நகரில் இந்தக் கதையையெல்லாம் அவர் சொல்லி முடிக்க, இப்னு ஜுஸை எழுதினார்.