எஃப் 1.4-உம் மூலையில் நிற்கும் பெரியப்பாவும்

தேனி மாவட்டத்தில் கேமராவைக் கையில் எடுப்பவன் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜாவும் பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜாவும் கிளம்பிப் போனதிலிருந்து, இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் எவரும் தம்மைச் சினிமாவுக்கு வெளி ஆளாக நினைப்பதில்லை. இரண்டு கைகளையும் கட்டமாகச் சேர்த்து, ஒரு கண்ணை மூடி, "தம்பி, இன்னும் ரெண்டு எட்டு இங்கிட்டு வந்தீன்னா மலை உள்ள விழும்" என்று சொல்லித் தர ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும்.

என்னிடம் இருப்பது சோனி ஏ6400. கூடவே வந்த 16-50 ஜூம் லென்ஸ் பகலில் நல்ல பிள்ளை. சாயங்காலம் மண்டபத்துக்குள் நுழைந்தால் கண் தெரியாது. ஜூமை முழுக்க இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.4 லென்ஸ் அதைப்போல் பதினாறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். தாலி கட்டும்போது என் படத்தில் மாப்பிள்ளைக்கு நாலு கை தெரிகிறது என்று அத்தை சொன்ன பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம் போட ஆரம்பித்தேன். கேமராக் கம்பெனியின் சொந்த லென்ஸ் வாங்க வசதியில்லை. ஆக, அடுத்த கம்பெனிக்காரன் செய்ததுதான்.

அடுத்த கம்பெனிக்காரன் நினைத்தவுடன் செய்துவிட முடியாது. லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளும் பாஷையைக் கேமராக் கம்பெனி வெளியே விட வேண்டும். ஜூன் பிறந்தால் முதல் போகத்துக்குத் தண்ணீர் வருமா என்று 14,707 ஏக்கர் இருபோக நிலமும் பெரியாறு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு மதகு அரசியலை விளக்க வேண்டியதில்லை. சோனி 2011-லேயே மதகைத் திறந்துவிட்டது. கேனான் 2022-இல் தன் ஆர்.எஃப். மவுண்ட்டுக்கு ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் செய்த வில்ட்ராக்ஸை நிறுத்தச் சொல்லி, 2024-இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கொஞ்சம் திறந்தது. நிக்கான் கேமராவுக்கு சிக்மாவின் சின்ன லென்ஸ்கள் வந்தது 2023-இல். கேனான் வைத்திருக்கும் என் சித்தி மகன் அத்தனை வருஷமும் வரப்பில் நின்றவன்.

விலை விசாரித்தால், கேட்கும் ஆளைப் பொறுத்துத்தான் மலிவு. போடிக்காரர் எதையும் ஏலக்காய்க் கிலோவில் மாற்றிச் சொல்வார்; கேட்க லேசாக இருக்கும். கம்பத்துக்காரர் அதே விலையைப் பன்னீர் திராட்சைக் கிலோவில் சொல்வார். லாரி பிடிக்க வேண்டியிருக்கும்.

போட்டியில் நின்றவை சிக்மா 30, சிக்மா 56, வில்ட்ராக்ஸ் 33, வில்ட்ராக்ஸ் 56. நாலும் எஃப் 1.4. சிக்மா ஜப்பானில் ஐசுவில் செய்வது. 1961-லிருந்து இருக்கும் கம்பெனி. வில்ட்ராக்ஸ் சீனத்து ஷென்ஷென். அந்த லென்ஸின் பின்புறம் ஒரு யு.எஸ்.பி. துளை உண்டு, உள்ளே இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க. படத்தைப் பார்த்த மாமா, "லென்சுக்குமா மாப்ள சார்ஜ் போடணும்?" என்று கேட்டார்.

ப்ரைம் லென்ஸில் ஜூம் கிடையாது, காலால் ஜூம் செய்துகொள்ள வேண்டும் என்பார்கள். அதைச் சொன்னவர்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்ததில்லை. என் கேமராவின் சென்சார் சிறியது. எந்த லென்ஸையும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 56 என்பது 84 ஆகிவிடும். ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்கக் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் பின்னால் போக வேண்டும். வயல் வரப்பில் ஐந்து மீட்டர் பின்னால் போனால் வாய்க்கால். பட்டாசாலையில் போனால் எதிர்வீட்டுத் திண்ணை. அங்கே உட்கார்ந்திருக்கும் ஆச்சி, "என்னடா, எங்க வீட்டுக்குள்ள எதுக்கு வர்ற?" என்று கேட்கும். 30-க்கு இரண்டரை மீட்டர் போதும், வாசற்படியோடு நின்றுகொள்ளலாம்.

ஆனால் திராட்சைப் பந்தலுக்குள் ஒரு தரம் 56-ஐக் கொண்டுபோனவனுக்கு இந்த நியாயமெல்லாம் ஏறாது. தேனியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இரவல் வாங்கிக்கொண்டு சுருளிப்பட்டிப் பக்கம் போனேன். கல்தூண், மேலே கம்பி, தலை குனிந்துதான் உள்ளே போக வேண்டும். இலை இடுக்கெல்லாம் வெயில் பொட்டுப் பொட்டாக விழும். 1.4-இல் திறந்தால் அத்தனை பொட்டும் தட்டுத் தட்டாக விரிகிறது. ஓரத்துக்குப் போகப் போக வட்டம் நசுங்கிப் பூனைக்கண் ஆகிறது. குலை ஒன்று மட்டும் கையில் எடுத்துக்கொள்ளலாம் போல நிற்கிறது. இந்தப் பந்தலை எஃப் 5.6-இல் எடுப்பது பாவம் என்று அங்கேயே முடிவு செய்தேன். இப்போதும் அதுதான் என் அபிப்பிராயம்.

அதே லென்ஸோடு அந்த வாரமே மாமா மகள் கல்யாணம். மேடையில் எடுத்த படங்களை மாமா கண்ணாடி போட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஏன் மாப்ள, மேடை அலங்காரத்துக்குக் காசு குடுத்தது நானு. எங்கடா அலங்காரம்?"

"பின்னாடி ப்ளர் ஆகியிருக்கு மாமா. அதுதான் அழகு."

"ஒரு பூவாச்சும் பூவாத் தெரியுதா? கலர் கலரா உருண்டையா நிக்குது. பின்னாடி நின்ன எங்க அண்ணனக் காணோம். அந்தாளு படத்துல இல்லைன்னா மொய் எழுதலேன்னு சொல்லிருவாருடா."

ஸ்டுடியோ அண்ணனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஃபிலிம் ரோல் காலத்திலிருந்து எடுப்பவர். "ப்ளரெல்லாம் பொண்ணும் மாப்பிள்ளையும் வைகை அணைக்குப் போறப்ப எடுத்துக்க. மேடையில ஏறிட்டா 5.6-க்கு வந்துரு. அங்க ஒவ்வொரு மூஞ்சிக்கும் ஒரு கணக்கு இருக்கு" என்றார். தொழில் ரகசியம் இவ்வளவுதான்.

லென்ஸைச் சோதிப்பவர்கள் செங்கல் சுவரைப் படமெடுத்து, நான்கு மூலையும் தெளிவாக விழுகிறதா என்று பார்ப்பார்கள். எவனுக்கு வேண்டும் மூலை என்று அதுவரை நினைத்திருந்தேன். குரூப் போட்டோவில் மூலையில் நிற்பவர் யார்? பத்திரிகை வைத்த விதத்தில் மனஸ்தாபம் உள்ள பெரியப்பா. நடுவில் வரமாட்டார், கூப்பிட்டாலும் வரமாட்டார், படத்தில் மங்கலாக விழுந்தால் விடமாட்டார். செங்கல் சுவருக்குக் கோபம் வராது. மூலைத் தெளிவு உலகத்தில் வேறெங்கையும்விட உத்தமபாளையம் தாலுகாவில் முக்கியம்.

கையால் ஃபோகஸ் செய்யும் ரகமும் உண்டு. டி.டி. ஆர்ட்டிசன், செவன் ஆர்ட்டிசன்ஸ். முழு உலோகம், விலை பாதிக்கும் கீழே. மின்தொடர்பு இல்லாததால், லென்ஸ் மாட்டியிருப்பதையே கேமரா ஒத்துக்கொள்ளாது. 'லென்ஸ் இல்லாமலும் க்ளிக் ஆகலாம்' என்று மெனுவுக்குள் போய் நாம் அனுமதி தர வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. 56-ஐ ஒரு மீட்டரில் 1.4-இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. அப்பத்தாவின் தண்டட்டி பளிச்சென்று இருக்கும், அப்பத்தா இருக்காது. அதையும் கையால் திருகிப் பிடிக்க வேண்டும், அதுவும் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும் ஆடி மாதத்தில். குலை ஆடுகிறது, இலை ஆடுகிறது, நானும் ஆடுகிறேன். ஆட்டோ ஃபோகஸ் இல்லாத லென்ஸை மார்கழியில் வாங்கிக்கொள்ளலாம்.

மிச்சம் நாலு. வில்ட்ராக்ஸ் 33-உம் சிக்மா 30-உம் என் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டையும் நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்துச் சண்டை போடுபவர்களுக்கு வீட்டில் விசேஷம் எதுவும் வராது போலிருக்கிறது. வில்ட்ராக்ஸுக்கு நாற்பது சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும், சிக்மா முப்பதிலேயே பிடிக்கும். வளைகாப்புக்கு அந்தப் பத்து சென்டிமீட்டர் பெரிசு. வளையலை எடுக்கக் குனிந்தால் பின்னால் சந்தனக் கிண்ணத்தோடு வரிசை நிற்கும்.

அந்த வளைகாப்பு அடுத்த மாதம், மாமா வீட்டில். முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் பீரோ ஒன்று, கட்டில் ஒன்று, கட்டிலை நகர்த்தக் கூடாது என்று அத்தையின் உத்தரவு. 56 பற்றிய பேச்சு அத்தோடு நின்றது. சிக்மா 30-க்குப் பணம் கட்டிவிட்டேன். திராட்சைக்கு மட்டும் ஸ்டுடியோ அண்ணனின் 56. பதிலுக்கு என் 30-ஐ அவர் காதுகுத்துகளுக்கு எடுத்துக்கொள்வார், பேச்சு முடிந்தது.

வாசலில் மாட்டும் கண்ணாடி ஃபில்டர்தான் பாக்கி. பழைய லென்ஸுக்கு வாங்கியது 40.5 மில்லிமீட்டர், இதற்கு 52 வேண்டும். மதுரையில் கிடைக்கும். 2023-லிருந்து போடி வரை மறுபடியும் ரயில் ஓடுகிறது, யாராவது போகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். மாமா போகிறாராம். அவரிடம் சொன்னால் அது எதற்கு என்று கேட்பார்.